பாதி சாப்பிட்ட தட்டு

என் சம்சாரம் என்னை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தது சுனாமி வந்ததற்கு அடுத்த வருசம்.

அதற்கு முன்னால் இருபத்தேழு வருசம் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏங்க" என்பாள். "இந்தா பாருங்க" என்பாள். ரொம்பக் கோபம் என்றால் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறேன். "அண்ணே, தண்ணி மோந்து தரட்டுமா?" என்று குரல் கேட்டது. யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

எனக்குப் பஞ்சர் கடை. பெரம்பலூரில் திருச்சி போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடம். முன்னால் கொட்டகை, பின்னால் வூடு. அதற்கு முன்னே லாரி ஓட்டினேன். அரியலூரில் சிமெண்ட் ஏற்றுவார்கள், எந்த ஊர் சொல்கிறார்களோ அங்கே போய் இறக்கிவிட்டு வருவேன். முதுகு போனது. வண்டியை விட்டேன். டயரை விட முடியவில்லை.

அவள் மனசில் நான் இன்னும் லாரியில்தான் போய்க்கொண்டிருந்தேன். லோடு இறக்கிவிட்டு வந்துவிடுவேன். கொட்டகையில் உட்கார்ந்து டியூபைத் தண்ணித் தொட்டியில் முக்கிக்கொண்டிருக்கிற ஆள் வேறு ஆள். பஞ்சர்க்கடை அண்ணன். நல்ல மாதிரி. அவ்வளவுதான்.

அண்ணன் என்றால் அண்ணன், போகட்டும். எதிரே இட்லிக்கடை வைத்திருக்கிற அக்காதான் சிரித்தது. "ஏன்டா தம்பி, இத்தனை வருசம் கழிச்சு மொறையே மாறிப் போச்சே. இனி தீபாவளிக்கு நீதான் தங்கச்சிக்குச் சீலை எடுக்கணும்" என்றது. எடுத்தேன். அதில் ஒன்றும் சிக்கல் இல்லை.

சிக்கல் சோற்றில் வந்தது.

சமையல் நான்தான். லாரியில் ஸ்டவ் வைத்துப் பழகிய கை. சோறு போட்டுக் கொண்டுபோய் வைப்பேன்.

"அவுங்க வரட்டும்ணே" என்பாள்.

"அவுங்க வர நேரமாகும்மா. நீ சாப்பிடு."

"வரட்டும். என்ன அவசரம்?"

அவசரம் எனக்குத்தான். சோறு ஆறும். ஈ மொய்க்கும். எடுத்து வைத்துவிடுவேன். டீ கொடுத்தால் குடிப்பாள், மோர் குடிப்பாள், அதில் ரெண்டு பிஸ்கட்டு நனைத்துத் தின்பாள். டீ யார் கொடுத்தாலும் குடிக்கலாம். சோறு அப்படி இல்லை போல. ஒரே மகள், அரியலூரில் கட்டிக் கொடுத்தது. ஞாயித்துக்கிழமை வந்து ஊட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அதே பதில்தான். "அவுங்க வரட்டும் டீச்சர்." என் மகள் டீச்சர் இல்லை. ஆனால் அம்மா வாயால் ஒரு உத்தியோகம் கிடைத்ததே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

திருச்சியில் டாக்டர் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தார். நாற்பத்தெட்டு கிலோ. அடுத்த மாதம் நாற்பத்து நாலு.

"இது மறதி வியாதி. மாத்திரை கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். ஆனா எடை நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா இங்க படுக்க வச்சு மூக்கு வழியா குழாய் போடணும்" என்றார்.

டியூபுக்குக் காற்று ஏற்றுவது என் தொழில். மூக்கில் குழாய் என்றதும் எனக்கு என் கடைதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு அது ஆகக்கூடாது என்று நினைத்தேன். வாயால் "சரிங்க" என்று மட்டும் சொன்னேன்.

டாக்டர் சீட்டில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். எனக்கு ஆறாவது வரைக்கும் படிப்பு. தமிழ் வரும். இங்கிலீசில் டயர் மேலே போட்டிருக்கிற எழுத்துதான் தெரியும். மருந்துக்கடையில் சீட்டைக் கொடுத்தேன். ரெண்டு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வரிக்கு "ஸ்டாக் இல்லீங்க" என்றார்கள். இன்னொரு கடையில் "அடுத்த வாரம் வரும்" என்றார்கள். ஒரு மாதம் அந்த மூன்றாவது மாத்திரைக்காக அலைந்தேன். கடைசியில் அரியலூரில் ஒரு கடைக்காரர்தான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"பெரியவரே, இது மாத்திரை இல்ல. இமெயில் அட்ரஸு. இண்டர்நெட்டுல போய்ப் பாக்கணும்."

"சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். அடுத்த வாரம் வரும் என்று சொன்ன கடைக்காரரை நினைத்து நானும் சிரித்தேன்.

இண்டர்நெட்டுக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாய் கடை இருந்தது. பாய்க்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. குவைத்தில் பல வருசம் இருந்துவிட்டு வந்தவர். எஸ்.டி.டி. பூத்து, ஜெராக்ஸ், பிரவுசிங் மூன்றும் ஒரே ரூமில். பலகை வைத்துத் தடுத்த அஞ்சு கேபின். அவர் ஊர்ப் பெண்கள் தலையில் முக்காடு போட்டு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெளிநாட்டில் இருக்கிற புருசன்மாரிடம் பேசுவார்கள். தூரத்தில் இருக்கிறான் என்று சத்தமாகப் பேசுவார்கள். அஞ்சு கேபின் குடும்பக் கதையும் ரோட்டுக்குக் கேட்கும்.

பாய் சீட்டைப் பார்த்து என்னென்னவோ தட்டினார். ரெண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு விவரம் சொன்னார். சென்னையில் ஒரு டாக்டரம்மா நடத்துகிற கூட்டம். மறதி வியாதிக்காரர்களை வூட்டில் வைத்துப் பார்க்கிற ஆட்களுக்காக. வியாழக்கிழமை நாலு மணிக்கு. எல்லாரும் அவரவர் ஊரிலிருந்தே வருவார்கள். நம்மையும் சேர்த்து ஏழு பேர்.

வியாழக்கிழமை வெள்ளை வேட்டி கட்டினேன். இட்லிக்கடை அக்காவை அவளுக்குத் துணைக்கு உட்கார வைத்தேன். சீக்காளி இருக்கிற ஆறு வூட்டுக்காரர்களைப் பார்க்கப் போகிறோம், வெறுங்கையோடு போக முடியுமா? ஆளுக்கு ரெண்டு ஆரஞ்சு, ஆளுக்கு ஒரு ரொட்டி என்று பையில் வாங்கிக்கொண்டு போனேன்.

பாய் பையைப் பார்த்தார். "யாருக்கு டிரைவரே?"

"மீட்டிங்குக்கு வர்றவங்களுக்கு."

"எங்க வர்றவங்களுக்கு?"

"இங்கதான நாலு மணிக்கு வர்றாங்க?"

பாய் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுத்துத்தான் வரும், ஆள் வரமாட்டார்கள் என்று புரிய வைத்தார். ஆனால் நல்ல மனுசன். கம்ப்யூட்டர் தலையில் இருந்த சின்னக் கேமராவைத் திருப்பி, ஆரஞ்சையும் ரொட்டியையும் வரிசையாக அடுக்கி அவர்களுக்குக் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து எழுத்து வந்தது. பாய் எழுத்து எதையும் விடாமல் படிப்பார். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். "சிங்கப்பூர் எழுதுறாங்க. ஹ ஹ ஹ ஹ ஹ. அஞ்சு ஹ போட்டிருக்காங்க. மதுரை எழுதுறாரு. ஆரஞ்சு ஜோர்."

அந்தக் கூட்டத்தில் பேர் கிடையாது. ஊர்தான். சிங்கப்பூர் ஒரு அம்மா, அவுங்க அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதுரை ஒரு ரிட்டயர் பேங்க் மேனேஜர், அவருக்கும் அம்மாதான் சீக்காளி. நான் பெரம்பலூர். ஊரும் ஊரும் உட்கார்ந்து பேசிக்கொள்வது போல இருந்தது.

ஆரஞ்சை அஞ்சு கேபினுக்கும் பங்கு வைத்தோம். வீணாகவில்லை.

"சொல்லுங்க டிரைவரே, என்ன எழுதட்டும்?" என்றார் பாய்.

"சாப்பிட மாட்டேங்குறா."

தட்டினார். "அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"ஒரு மணி நேரம் இருக்கு. ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டா மிச்ச நேரம் நான் எதத் தட்டுறது?"

எனக்குப் பேச்சு வராது. லாரியில் க்ளீனரோடு ஆந்திரா போய்த் திரும்பும் வரை பத்து வார்த்தை பேசியிருப்பேன். ஆனால் பாய் தோண்டித் தோண்டிக் கேட்பார். நான் ஒன்று சொன்னால் அவர் மூன்றாக எழுதுவார். ஒரு தடவை "ரொம்ப நேரமா எழுதுறீங்களே, நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டேன். "மனசு தாங்கலன்னு சொன்னீங்க" என்றார். "நான் எப்பச் சொன்னேன்?" "சொல்லல. தெரிஞ்சுச்சு, எழுதிட்டேன்."

கூட்டத்தில் யோசனை நிறையக் கிடைத்தது. சிவப்புத் தட்டில் போடுங்கள், சோறு கண்ணுக்குத் தெரியும் என்றார்கள். சிவப்புப் பிளாஸ்டிக் தட்டு வாங்கினேன். அவள் அதில் கடலையைக் கொட்டிப் புடைத்தாள். கையில் எடுத்துத் தின்கிற மாதிரி உருண்டை பிடித்துக் கொடுங்கள் என்றார்கள். பிடித்தேன். "அவுங்களுக்கு எடுத்து வைங்கண்ணே" என்றாள். கல்யாண போட்டோவைக் காட்டி, நான்தான் அது என்று சொல்லுங்கள் என்றார்கள்.

போட்டோவைக் காட்டினேன்.

"இவுங்கதான் எங்க வூட்டுக்காரரு" என்றாள். "ஒங்களுக்குப் பழக்கமாண்ணே?"

"பாத்திருக்கேன்."

"தங்கமான மனுசன்."

"அப்படிச் சொல்ல முடியாது" என்றேன்.

அவளுக்கு வந்ததே கோபம். அன்று மோரும் குடிக்கவில்லை. இதைக் கூட்டத்தில் சொன்னபோது மதுரை எழுதினார், "உங்களைப் பத்தி உங்க சம்சாரத்துக்கிட்ட நீங்களே கோள் சொல்லலாமா?" என்று. பக்கத்து கேபினில் துபாயோடு பேசிக்கொண்டிருந்த பெண் "ஏங்க, ஒரு நிமிசம் இருங்க" என்று புருசனை நிறுத்தி வைத்துவிட்டு, பலகைக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தது.

எடை நாற்பத்து ரெண்டு.

அந்த வாரம் டாக்டரம்மா ஒன்று சொன்னார்கள். "அவங்க மனசுல நீங்க அந்தக் காலத்து ஆளா இருக்கீங்க. அந்தக் காலத்துச் சட்டை, அந்தக் காலத்து வாசனை, வர்ற விதம், எல்லாத்தையும் அப்படியே செஞ்சு பாருங்க. கண்ணுக்குத் தெரியலன்னாலும் மூக்குக்குத் தெரியலாம்."

எனக்கு இது சரியாகப் பட்டது. பரணிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்தேன். வயிறு பெருத்துவிட்டது, இழுத்துப் பூட்டியதில் நடுப் பொத்தான் ஒன்று அந்துபோனது. மேலே கொஞ்சம் டீசல் தடவிக்கொண்டேன். பஞ்சர் ஒட்ட வருகிற டிரைவர் ஒருத்தர் பழக்கம். அவரிடம் சொல்லி அவர் வண்டியில் ஏறி, பைபாஸ் வரைக்கும் போய்த் திரும்பினோம். வூட்டு வாசலில் நிறுத்தி மூன்று ஹாரன் அடிக்கச் சொன்னேன். நான் அப்படித்தான் அடிப்பேன்.

உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அப்படி ஓடி வந்து நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்திலும் ஓடி வந்திருப்பாள் போல. நான் வண்டியை ஓரம் கட்டி இறங்குவதற்குள் மறுபடி உள்ளே போயிருப்பாள்.

இறங்கினேன். என்னைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே வேறு டிரைவர். அவள் முகம் மாறியது.

"அண்ணே, அவுங்க சட்டை ஒங்க மேல எப்படி வந்துச்சு?"

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. லாரிக்காரன் வூட்டுக்கு அவன் சட்டையை இன்னொரு ஆள் கொண்டுவந்தால் என்ன அர்த்தம்? ரோட்டில் வண்டி ஓட்டுகிறவன் பெண்டாட்டி எல்லாரும் அந்த ஒரு நாளைத்தான் பயந்துகொண்டிருப்பார்கள். அதை நானே நடத்திக் காட்டியிருக்கிறேன். மூன்று ஹாரன் வேறு.

"எந்த ஊருல?" என்றாள். "எந்த ஊருலண்ணே?"

"ஐயோ, இல்லம்மா. நல்லா இருக்காரு. விஜயவாடாவுல லோடு இறங்கிக்கிட்டு இருக்கு. சட்டை பொத்தான் அந்து போச்சு, தச்சு வைக்கச் சொல்லிக் குடுத்து விட்டாரு."

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். பொத்தான் நிஜமாகவே அந்துதான் இருந்தது. அதனால் நம்பினாள்.

"குடுத்து விட்டா கையில வாங்கிட்டு வரணும். போட்டுக்கிட்டா வர்றது? கழட்டுங்க."

நடு ரோட்டில் கழற்றிக் கொடுத்தேன். இட்லிக்கடை அக்கா கரண்டியோடு பார்த்துக்கொண்டு நின்றது. டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சட்டையை வாங்கி மடித்து மார்போடு வைத்துக்கொண்டு உள்ளே போனாள். சாயங்காலம் பொத்தான் தைத்திருந்தது. நூலும் ஊசியும் எங்கே இருந்தது என்று அவளுக்கு மறக்கவில்லை.

அடுத்த வியாழன், "சட்டை வேண்டாம்" என்று மட்டும் எழுதச் சொன்னேன். பாய் அன்று ஒன்றும் தோண்டவில்லை. அப்படியே எழுதினார். டாக்டரம்மா மன்னிப்புக் கேட்டார்கள். பெரிய படிப்புப் படித்த அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்கிறதே என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "பரவால்ல, பொத்தான் தச்சுட்டா" என்று எழுதச் சொன்னேன்.

எடை நாற்பத்தொன்று. இன்னும் ஒரு கிலோதான் இருந்தது.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னெல்லாம் நான் அடுப்பாங்கரையில் நின்றுகொண்டே சட்டியிலிருந்து தின்றுவிடுவேன். அன்று முதுகு வலி, உட்கார்ந்துவிட்டேன். பழைய எவர்சில்வர் தட்டு, சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த அப்பளம். பாதி சாப்பிடவில்லை, வெளியே ஒரு லாரி வந்து உறுமியது. பின் டயர் வெடித்துவிட்டது. தட்டை அப்படியே விட்டு, தண்ணித் தொட்டியிலேயே கையைக் கழுவிக்கொண்டு வேலையில் இறங்கினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

திரும்பி வந்தால் தட்டு இல்லை.

பக்கத்து வூட்டு ஆடு. அது அடிக்கடி உள்ளே வரும். திட்டிக்கொண்டே ஆட்டைத் தேடிப் போனேன். ஆடு கட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்து அசை போட்டது. திரும்பி அடுப்பாங்கரைக்கு வந்தேன். தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

ஆடு தின்னும். தட்டு கழுவாது.

மறுநாள் அதே இடத்தில் உட்கார்ந்தேன். பாதி சாப்பிட்டேன். எழுந்து கொட்டகைக்கு வந்தேன். அங்கே பழைய டயரை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பேன். ஒரு டயரை நிமிர்த்தி வைத்து அதன் ஓட்டை வழியாகக் கூடத்தைப் பார்த்துக்கொண்டு குந்தினேன். பஞ்சருக்கு வந்த சைக்கிள்காரர் ஒருத்தர் "என்னங்க தேடுறீங்க?" என்றார். "பேசாம உக்காருங்க" என்றேன். அவரும் பக்கத்து டயர் ஓட்டை வழியாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அவள் உள்ளேயிருந்து வந்தாள். தட்டைப் பார்த்தாள்.

"வந்துட்டுப் போயிட்டாங்களா?" என்றாள் தனக்குத்தானே. "ஒரு வார்த்தை சொல்லாம போறதே வேலை."

உட்கார்ந்தாள். அந்தத் தட்டிலேயே சட்டியிலிருந்து இன்னும் ரெண்டு கை சோறு போட்டுக்கொண்டாள். பிசைந்தாள். சாப்பிட்டாள்.

"யாருங்க அது?" என்றார் சைக்கிள்காரர்.

"எங்க வூட்டுல" என்றேன்.

"ஒங்க வூட்டுல சாப்பிடறதயா ஒளிஞ்சு பாக்குறீங்க?"

பஞ்சருக்குக் காசு வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் புருசன் சாப்பிட்ட தட்டில்தான் பெண்டாட்டி சாப்பிடுவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, ஏன் என்று கேட்டதும் இல்லை. நான் சாப்பிட்டு எழுந்து வெளியே போவேன், அவள் உட்காருவாள். அவள் எப்படிச் சாப்பிடுவாள் என்று இருபத்தேழு வருசத்தில் நான் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன், டயர் வழியாக. அப்பளத்தை நொறுக்கிச் சோற்றோடு பிசைகிறாள். கத்தரிக்காய்க் காம்பைச் சப்பிச் சப்பித் தின்கிறாள். ஒவ்வொரு வாய்க்கும் வாசலை ஒரு தடவை பார்க்கிறாள்.

இன்னொன்றும் பார்த்தேன். நாலாவது நாள் பாகற்காய் வைத்தேன். எனக்குப் பாகற்காய் உயிர். அவளும் இருபத்தேழு வருசமாக வாரம் தவறாமல் செய்து போட்டவள். தட்டில் இருந்த பாகற்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் சாப்பிட்டாள். கடைசியில் அதை எடுத்துப்போய் ஆட்டுக்குப் போட்டாள். ஆடு ஏன் எங்கள் வூட்டுக்கு அடிக்கடி வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை பாய் கேட்பதற்கு முன்னே நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவர் விரல் வேகம் போதவில்லை. "மெதுவா டிரைவரே, மெதுவா" என்றார். எழுதி முடித்ததும் அந்தப் பக்கம் ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை.

"லைன் போயிடுச்சா?" என்றேன்.

"இல்ல. யோசிக்கிறாங்க."

முதலில் சிங்கப்பூர் எழுதினார்கள். ஹ ஒன்றுகூட இல்லை. "எச்சில் தட்டிலயா? பொம்பளைங்களை இப்படிப் பழக்கி வச்சது யாரு?"

பாய் என்னைப் பார்த்தார். படிக்காமல் விட்டிருக்கலாம். அவர் விடமாட்டார்.

"நான்தான்னு எழுதுங்க" என்றேன்.

"எழுதவா?"

"எழுதுங்க."

எழுதினார். பலகைக்கு மேலே எட்டிப் பார்த்த லப்பைக்குடிக்காட்டுப் பெண் முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்துகொண்டது. சிங்கப்பூர் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுதினார்கள். "நான் உங்களைத் திட்டல பெரம்பலூர். எங்க அம்மாவும் அப்பா தட்டுலதான் சாப்பிட்டாங்க. எனக்கு அது பிடிக்காது. அதான்."

"எனக்கும் இப்பப் பிடிக்கல" என்று சொன்னேன். "ஆனா அவ அதத்தான் தேடுறா."

டாக்டரம்மா எழுதினார்கள். "சுத்தமா இருந்தா போதும். இப்ப அதை மாத்தாதீங்க. எடை பாருங்க."

மதுரை அடுத்த வாரம் வந்து எழுதினார். அவர் அம்மாவும் காலைச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்களாம். அவருக்கு என்னவோ தோன்றி, மாடியில் காக்காய்க்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டு, "காக்கா எடுத்துருச்சும்மா" என்று வந்து சொன்னாராம். அம்மா கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார்களாம். "ரெண்டு வருசமா காக்காயைப் பட்டினி போட்டிருக்கேன் பெரம்பலூர், எனக்கே தெரியாம" என்று எழுதினார். சிங்கப்பூரிலிருந்து ஏழு ஹ வந்தது. பாய் ஏழையும் படித்தார்.

எடை நாற்பத்து மூன்று. டாக்டர் மெஷினைத் தட்டிப் பார்த்தார். "என்ன குடுத்தீங்க?" என்றார். "மிச்சம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பிடுவதே ஒரு தொழிலாகிவிட்டது. வெறும் தட்டைக் காட்ட முடியாது, ஆள் சாப்பிட்ட மாதிரி இருக்க வேண்டும். முழுக்கவும் சாப்பிட்டுவிடக் கூடாது. மீன் வாங்கினால் நடுத்துண்டை விட்டுவிட்டு வாலைத் தின்றேன். அப்பளம் ரெண்டு வைத்து ஒன்றைக் கடித்து ஒன்றை விட்டேன். கத்தரிக்காய்க் காம்பை நான் தொடவில்லை. பாகற்காயை நிறுத்திவிட்டேன். ஆடு வருவதை நிறுத்திவிட்டது. நாளுக்கு நாள் கொஞ்சம் அதிகமாக மிச்சம் வைத்தேன். எடை ஏறட்டும் என்ற ஆசைதான். கொட்டகையில் போய் எதிர்க்கடை இட்லியால் வயிற்றை நிரப்பிக்கொண்டேன். இட்லிக்கடை அக்கா, "பொண்டாட்டிக்குத் தெரியாம வெளிய சாப்பிடுற புருசன நான் பாத்திருக்கேன். பொண்டாட்டிக்குப் புருசனே தெரியாம வெளிய சாப்பிடுறவன இப்பத்தான் பாக்குறேன்" என்றது.

கொஞ்ச நாள் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு நாள் டயர் ஓட்டை வழியாகப் பார்க்கிறேன். அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கை வைக்கவில்லை. தட்டையே பார்க்கிறாள். எழுந்து சட்டியைத் திறந்து பார்க்கிறாள். மறுபடி வந்து உட்காருகிறாள். போச்சு, இதுவும் மறந்துவிட்டது, இனி குழாய்தான் என்று நினைத்தேன்.

அவள் எழுந்து நேராகக் கொட்டகைக்கு வந்தாள். நான் டயரை விட்டு அவசரமாக எழுந்து ஒரு டியூபை எடுத்துத் தொட்டியில் முக்கினேன்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"நீங்களும் அந்தக் காலத்துல வண்டி ஓட்டுனவரு. அவுங்கள உங்களுக்குப் பழக்கம்தான?"

"பழக்கம்தான்."

"தங்கமான மனுசன்னு நான் சொன்னப்ப நீங்க ஒத்துக்கல."

இதை மறக்கவில்லை.

"இப்ப ஒத்துக்கறேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். புடவை முந்தியைப் பிடித்து விரலில் சுற்றினாள். வெட்கப்படுகிறாள் என்று தெரிந்தது. அடுத்தவர் வூட்டு ஆம்பளையிடம் தன் வூட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிற வெட்கம்.

"கொஞ்ச நாளா சரியாவே சாப்பிடறது இல்லண்ணே. எல்லாம் மிச்சம் வச்சுட்டுப் போறாங்க. நடுத்துண்டு மீனத் தொடுறதே இல்ல. என் சமையல் பிடிக்கலயோ என்னமோ. இல்ல, ஒடம்புக்கு ஏதும் வந்துருச்சோ. என்கிட்ட சொல்ல மாட்டாங்க. வாயே தொறக்க மாட்டாங்க. நீங்க பாத்தா சொல்லுங்க. நல்லா சாப்பிடச் சொல்லுங்க. எனக்கு மிச்சம் இல்லன்னாலும் பரவால்லன்னு சொல்லுங்க."

தொட்டியில், டியூபில் ஓட்டை இருந்த இடத்திலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன்.

"சொல்றேம்மா" என்றேன். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஒன் சமையல் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அதச் சொல்லத் தெரியாது அவருக்கு."

"அப்படியா சொன்னாங்க?"

"ஆமா."

"எப்ப?"

"போன வாரம்."

சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து ஒரு வருசத்துக்கு மேலாகியிருந்தது. அது எனக்கு இல்லை, விஜயவாடாவில் இருக்கிறவனுக்கு. இருக்கட்டும்.

"சரிண்ணே, நீங்க வேலயப் பாருங்க" என்று உள்ளே போனாள். தட்டின் முன்னால் உட்கார்ந்து மீன் நடுத்துண்டைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நடுத்துண்டில் பாதியை நான் சாப்பிட்டேன். பாதியை அவளுக்கு வைத்தேன். அவள் வந்து பார்த்து, "ம், இன்னைக்குச் சாப்பிட்டிருக்காங்க" என்றாள். பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டாள்.